தமக்கென ஓரிடம்: பகிர்மேசைக் காரியாலயமும் இசைவாக்கமும் – ஓர் அறவியல் நோக்கு

பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் எவருக்கும் ஆசனம் ஒதுக்கப்படுவதில்லை. ஆயினும் தவணை தொடங்கிச் சில வாரங்களுள் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இடம் அமைந்துவிடுகின்றது. அவ்விடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கக் காணும் மாணவர் ஒரு கணம் தயங்குகின்றார். அமர்ந்திருப்பவரும் சற்றே சங்கடத்துடன் நிமிர்ந்து பார்க்கின்றார். எழுதப்படாத ஏதோவொன்று மீறப்பட்டுவிட்டதை இருவரும் உணர்கின்றனர். மீறப்பட்டது யாது என வினவினால் இருவராலும் விடைகூற இயலாது. விதி எதுவும் மீறப்படவில்லை. உடைமை எதுவும் கவரப்படவில்லை. அவ்வாறாயின் அத்தயக்கம் வெறும் பழக்கத்தின் விளைவுதானா, அன்றி அதன் பின்னால் அறவியற் பெறுமானம் உடைய கோரிக்கை ஒன்று உண்டா?

இவ்வினா இன்று காரியாலயங்களிலேயே கூர்மையாக எழுந்துள்ளது. 1990களில் ஐக்கிய அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பரவத் தொடங்கிய பகிர்மேசை முறை, 2020இல் கொவிட்-19 பெருந்தொற்று ஊழியரை வீட்டிலிருந்து பணியாற்றச் செய்ததன் பின்னர், பெருநகர நிறுவனங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. இம்முறையில் எந்த மேசையும் எவருக்கும் உரியதன்று. காலையில் வரும் ஊழியர், கைத்தொலைபேசிச் செயலி மூலம் முற்பதிவு செய்த மேசையிலோ வெறுமையாகக் கிடக்கும் மேசையிலோ அமர்வார். மாலையில் தம் பொருள்கள் அனைத்தையும் சிறு பெட்டகமொன்றினுள் வைத்துப் பூட்டிவிட்டு, தாம் அங்கு இருந்தமைக்கான அடையாளம் எதுவுமின்றி வெளியேறுவார். ‘ஹொட் டெஸ்க்’ என இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கப்பற் பணியாளர் ஒரே படுக்கையை முறைமாற்றிப் பயன்படுத்திய வழக்கிலிருந்து பிறந்தது என்பர். ஒருவர் காவற்பணிக்கு எழுந்து செல்ல, அவருடைய உடற்சூடு தணியுமுன்னர் மற்றொருவர் அதே படுக்கையிற் சாய்வார். கப்பலில் இடநெருக்கடி தவிர்க்க முடியாதது. காரியாலயத்தில் அந்நெருக்கடி தீர்மானிக்கப்பட்டு உருவாக்கப்படுவதாகும்.

அத்தீர்மானத்திற்கு நியாயங்கள் இல்லாமலில்லை. விடுமுறை, கூட்டம், வெளிப்பயணம், வீட்டிலிருந்து பணி ஆகிய காரணங்களால் மேசைகள் பெருமளவு நேரம் வெறுமையாகக் கிடக்கின்றன. பெருநகரின் மையத்தில் வாடகை செலுத்தி, ஒளியூட்டி, குளிரூட்டி வெற்றிடத்தைப் பேணுவது வீண்செலவு என முகாமையாளர் கருதுவதிற் பிழை காண முடியாது. குறைந்த இடத்தைக் கட்டுவதும் குறைந்த மின்சக்தியை நுகர்வதும் சூழலுக்கும் நன்மையானவை. ஒரே பிரிவினர் ஒரே மூலையில் முடங்கிக் கிடவாது, வெவ்வேறு பிரிவினரோடு கலந்து பழகுவர் என்பதும் இம்முறைக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதமாகும்.

எனினும் மேசை பறிபோகும்போது ஊழியர் மனம் சுளிக்கின்றனர். இதனை எதிர்பார்க்கும் நிறுவனங்கள், மாற்றத்திற்கு முன்னதாகவே ‘இசைவாக்க’ நிகழ்ச்சித்திட்டங்களை வகுக்கின்றன. கருத்தரங்குகள் நடத்தப்படுகின்றன, கைந்நூல்கள் வழங்கப்படுகின்றன, புதிய முறையின் நன்மைகளை எடுத்துக்கூறச் சக ஊழியருள்ளேயே சிலர் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். ‘ஊழியர் இசைவாக்கம் பெற உதவுவது எவ்வாறு?’ என்பதே இத்திட்டங்களின் வினா. இது தொழில்நுட்ப வினாவாகத் தோற்றமளிப்பினும், உள்ளே ஓர் அறவியல் வினாவை மறைத்து வைத்திருக்கின்றது. ஒருவரை ஒரு நிலைமைக்கு இசைவாக்குவது எப்பொழுது உதவியாகின்றது? எப்பொழுது அது அவருடைய மறுப்பை மௌனமாக்கும் உபாயமாகின்றது? இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், தனக்கென ஒதுக்கப்பட்ட மேசையை இழந்துபோன பொற்காலத்தின் சின்னமாகக் கொள்ளுதல் தவறாகும். அம்மேசையும் அதிகாரத்தின் ஆக்கமே. 1906இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிராங் லொயிட் றைற் என்னும் கட்டடக்கலைஞர் அமைத்த லாக்கின் நிறுவனக் கட்டடத்தில், ஊழியர் மேற்பார்வைக்கு எளிதாக வரிசைவரிசையாக அமர்த்தப்பட்டனர். மேசைகள் சிலவற்றில் கதிரையே மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1911இல் வெளியான தமது நூலில் பிரெடெரிக் டெய்லர் முன்வைத்த விஞ்ஞான முகாமைத்துவக் கோட்பாடு, தொழிலாளியின் உடலசைவுகளையே அளந்து வகுக்க முற்பட்டது. பின்னர் காரியாலயங்களும் அக்கோட்பாட்டைத் தழுவிக்கொண்டன. அறையின் பரப்பும் மேசையின் அளவும் யன்னலின் அருகாமையும் பதவியின் படிநிலையைப் பறைசாற்றின. நிலையான மேசை ஊழியருக்கு இடம் அளித்த அதே வேளையில், அவரை அவருடைய இடத்திலேயே வைத்திருக்கவும் செய்தது.

நல்ல நோக்கத்துடன் தொடங்கப்படும் மாற்றங்களும் வேறு பயனுக்குத் திருப்பப்படலாம் என்பதையும் இவ்வரலாறு காட்டுகின்றது. ஹேமன் மில்லர் என்னும் தளபாட நிறுவனத்தின் ஆய்வாளரான றொபேட் புறொப்ஸ்ற், ஊழியர் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய இலகுவான தடுப்புகளையும் மேசைகளையும் கொண்ட அமைப்பொன்றை 1968இல் அறிமுகப்படுத்தினார். அவர் கருதியது சுதந்திரத்தை. நிறுவனங்கள் அதனுட் கண்டதோ, குறைந்த பரப்பில் கூடிய தொகையினரை அடக்கும் வழியை. அவருடைய தடுப்புகள் ஒரே அளவான சிறு கூடுகளாக உலகெங்கும் பெருகின. தம் படைப்பு அடைந்த கதியைப் பிற்காலத்தில் அவரே கடிந்துகொண்டார். ஆகவே ‘நெகிழ்வு’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், யாருடைய நெகிழ்வு, யாருடைய சேமிப்பு என வினவுதல் அவசியமாகின்றது.

இனி, மேசைமீது ஊழியர் கொள்ளும் உரிமையுணர்வின் இயல்பினை ஆராயலாம். அதனை உடைமையுரிமை எனக் கொள்ள முடியுமா? 1689இல் வெளியான அரசு பற்றிய தமது ஆய்வில் ஜோன் லொக், ஒருவர் தம் உழைப்பைப் பொருளொன்றுடன் கலப்பதன் வாயிலாக அது அவருக்கு உரியதாகின்றது என வாதிட்டார். பத்தாண்டுகளாக ஒரு மேசையில் உழைத்தவரது உழைப்பு அம்மேசையோடு கலந்துவிட்டது எனக் கூறத் தோன்றலாம். ஆயின் அவரது உழைப்பு கலந்தது கோப்புகளோடும் கணக்குகளோடுமேயன்றி மேசைப்பலகையோடன்று, கோப்புகள்கூட நிறுவனத்தினுடையனவே. 1821ஆம் ஆண்டினதான தமது உரிமை பற்றிய மெய்யியலில் ஹெகல் கூறுவது சற்று அண்மித்து வருகின்றது. மனிதர் தம் சித்தத்தைப் புறப்பொருளொன்றில் பதிக்கும்போதே ஆளுமை உலகில் உருப்பெறுகின்றது என்பது அவரது கருத்து. மேசையின் ஓரத்தில் வைக்கப்படும் பிள்ளையின் புகைப்படமும், லாச்சியினுள் தமக்கேயுரிய ஒழுங்கில் அடுக்கப்படும் தாள்களும் அத்தகைய பதிவுகள் எனலாம். எனினும் ஹெகலின் வாதமும் உடைமையாளருக்கே முழுமையாகப் பொருந்தும். மேசை கம்பனியினுடையது என்னும் உண்மை அவ்வாதத்தை ஓரளவுடன் நிறுத்திவிடுகின்றது.

இச்சிக்கலைத் தீர்க்க உதவும் ஒப்புமையொன்று பண்டைய ஸ்தோயிக்கரிடம் காணப்படுகின்றது. அது கிறிசிப்பஸ் என்னும் கிரேக்க மெய்யியலாளரின் கருத்துகளோடு இணைத்து சிசெரோவின் நூலொன்றில் இடம்பெறுகின்றது. அரங்கம் அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் ஒருவர் அமர்ந்திருக்கும் ஆசனத்தை அவருடையது என்று கூறுவது பொருத்தமானதே என்பது அதன் சாரம். ஈண்டு ‘அவருடையது’ என்பது விற்கவோ உயில் எழுதவோ கூடிய உடைமையைக் குறிக்கவில்லை. காரணமின்றி எழுப்பப்படாமல் இருக்கும் உரிமையையே அது குறிக்கின்றது. உடைமைக்கும் வெறும் பழக்கத்திற்கும் இடைப்பட்ட இவ்வுரிமையை ‘இருப்புரிமை’ எனலாம். விரிவுரை மண்டபத்தில் மாணவர் உணர்ந்த தயக்கம் இவ்வுரிமைக்கு அளிக்கப்படும் மரியாதையேயாகும். இவ்வுரிமை நிபந்தனையற்றதன்று; தக்க காரணத்தின்பேரில் எழுந்து இடம்விடுமாறு ஒருவரைக் கேட்கலாம். ஆனால் காரணத்தைக் கூறவேண்டிய கடப்பாடு கேட்பவருடையது.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழக்கூடும். இடத்தின்மீது கொள்ளும் பற்று பக்குவமின்மையின் அடையாளம் அல்லவா? பயணிகள் சத்திரத்தைக் கருதுவதுபோலத் தம்மிடமுள்ள பொருள்களைக் கருதுமாறு எபிக்ரீற்றஸ் போதித்தார். தமிழ் அறமரபும் இதனை நன்கறியும். திருக்குறளின் நிலையாமை அதிகாரம், நிலையாகத் தங்கும் ‘புக்கில்’ என்பதனையும் ஒதுங்கியிருக்கும் ‘துச்சில்’ என்பதனையும் வேறுபடுத்தி, உடம்பு உயிருக்குத் துச்சிலே என உணர்த்துகின்றது. உடம்பே ஒதுக்கிடமாயின், மேசை எம்மாத்திரம்? இவ்வாறு நோக்கின், பகிர்மேசை முறை பற்றறுத்தலுக்கான நாளாந்தப் பயிற்சியென்றே கொள்ளப்படலாம்.

இவ்வாதம் கவர்ச்சியானது, ஆயின் ஒரு முக்கிய வேறுபாட்டை அது மறந்துவிடுகின்றது. துறவு, துறப்பவர் தாமே மேற்கொள்ளும்போது அறமாகின்றது. ஒருவர் மற்றொருவருக்கு அதனை விதிப்பதும், விதிப்பவர் அதன் சேமிப்பைத் தாம் பெற்றுக்கொள்வதும் வேறு வகையைச் சார்ந்தன. எபிக்ரீற்றஸ் அடிமையாக வாழ்ந்தவர். பற்றின்மை பற்றி அவர் தம்மோடொத்த மனிதருக்குப் போதித்தார். அவருடைய எசமானர் அதே போதனையை அவருக்குச் செய்திருப்பின், சொற்கள் அனைத்தும் உண்மையாகவே இருந்திருக்கும். செயல் மட்டும் அநீதியாக இருந்திருக்கும். ஓர் அறவுரையின் நியாயம் அதன் சொற்களில் மாத்திரமன்றி, யார் யாருக்கு எந்த நிலையில் இருந்து கூறுகின்றார் என்பதிலும் தங்கியுள்ளது.

மேலும், இடம் என்பது பற்றுக்குரிய பொருளாக மாத்திரம் அமைவதில்லை. 1943இல் எழுதி, அவர் மறைந்த பின் 1949இல் வெளியான நூலொன்றில் சிமோன் வெய் என்னும் பிரெஞ்சு மெய்யியலாளர், வேரூன்றுதலை மனித ஆன்மாவின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகக் கண்டார். வேர் தாவரத்தை நிலத்தோடு பிணிப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதற்கு உணவையும் கொண்டுவருகின்றது. காரியாலயத்திலும் இதனைக் காணலாம். நீண்டகாலம் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் மூத்த லிகிதரை நாடிப் புதிதாகச் சேர்ந்தவர் வருகின்றார். எந்தக் கோப்பு எங்குள்ளது, எந்தச் சுற்றறிக்கை இரத்துச் செய்யப்பட்டது என்பனவற்றை அங்குதான் கேட்டறிகின்றார். அருகருகே அமர்வோர் ஒருவரது முகவாட்டத்தை மற்றவர் காண்கின்றனர். ஒருவர் வராத நாளில் அவரது வெறுங்கதிரை ஏனையோரை விசாரிக்க வைக்கின்றது. எவருக்கும் இடமில்லாத காரியாலயத்தில் எவரது இன்மையும் தென்படுவதில்லை. நிலையான இடம் ஒருவரைப் பிறர் கண்டுகொள்வதற்கான ஏதுவாகவும் அமைகின்றது.

இத்தேவை புறக்கணிக்கப்பட்டபோது நிகழ்ந்ததற்கு அமெரிக்க விளம்பர நிறுவனமான ஷயட் டே எடுத்துக்காட்டாகும். அதன் தலைவர் ஜே ஷயட் 1993இல் தனிமேசைகளையும் தனியறைகளையும் ஒழிக்கத் தீர்மானித்தார். லொஸ் ஏஞ்சலிஸிலும் நியூயோர்க்கிலும் அடுத்துவந்த காலப்பகுதியில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஊழியர் காலையில் மடிக்கணினியையும் தொலைபேசியையும் ஒப்பமிட்டுப் பெற்று, மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தப் பொருள்களுக்குச் சிறு பெட்டகம் ஒன்றே. கருவிகளும் இடங்களும் போதாமற் போகவே, முந்திவந்தோர் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டனர். சிலர் தம் கோப்புகளைத் தம் மோட்டார் வாகனங்களின் பின்பெட்டியில் வைத்துப் பேணினர். மேசைகளை ஒழித்ததன் வாயிலாக மேசைப் பற்றினை ஒழிக்க முடியவில்லை. அது பதுக்கலாக உருமாறியது. 1990களின் இறுதியில் நிறுவனம் இம்முறையைக் கைவிட்டு, ஊழியருக்குத் தனியிடங்கள் கொண்ட கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது.

இத்தோல்விக்குத் திட்டமிடலின் குறைபாடே காரணம் எனவும், போதிய கருவிகள் இருந்திருப்பின் யாவும் நன்றாக நடந்திருக்கும் எனவும் வாதிடலாம். பிரித்தானியாவின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறேய்க் நைற், அலெக்ஸ் ஹஸ்லம் ஆகிய உளவியலாளர் 2010இல் வெளியிட்ட பரிசோதனை, பிரச்சினை வேறோரிடத்தில் உள்ளதென்பதைப் புலப்படுத்துகின்றது. ஒரே வகையான பணி, நான்கு வகையான சூழல்களில் வெவ்வேறு ஆட்களுக்கு அளிக்கப்பட்டது. முதலாவது, அலங்காரம் எதுவுமற்ற வெற்றறை. இரண்டாவது, செடிகளாலும் படங்களாலும் முன்னரே அழகூட்டப்பட்ட அறை. மூன்றாவதில் அச்செடிகளையும் படங்களையும் பணியாற்றுவோரே தம் விருப்பப்படி ஒழுங்குசெய்தனர். நான்காவதில் அவ்வாறு ஒழுங்குசெய்த பின்னர், பரிசோதகர் வந்து அனைத்தையும் மாற்றியமைத்தார். மூன்றாம் சூழலில் இருந்தோரின் உற்பத்தித்திறன் வெற்றறையினரதைவிட ஏறத்தாழ 30 வீதம் உயர்ந்திருந்தது. நான்காம் சூழலினரிடமோ அவ்வுயர்வு அழிந்து, அது வெற்றறையின் நிலைக்கு வீழ்ந்தது.

ஈண்டு நான்காம் சூழலே சிந்தனைக்குரியது. அங்கும் செடிகள் இருந்தன, படங்கள் இருந்தன, அறை அழகாகவே இருந்தது. இழக்கப்பட்டது ஒன்றேயொன்று: தம் தெரிவு மதிக்கப்படும் என்னும் நம்பிக்கை. ஊழியரைத் துன்புறுத்துவது மேசையின் இன்மையைக் காட்டிலும், தம்மைப் பற்றிய தீர்மானத்தில் தாம் பொருட்படுத்தப்படாமையே என இதிலிருந்து அனுமானிக்கலாம். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என 1785இல் இம்மானுவேல் கான்ற் வகுத்த அறவிதி, காரியாலயத்தின் தரைப்படத்திற்கும் பொருந்துவதாகும். சதுர அடிக்கு இத்தனை பேர் எனக் கணக்கிடுவது தவறன்று. அக்கணக்கோடு சிந்தனை நின்றுவிடுவதே தவறாகும்.

இனி ‘இசைவாக்கம்’ என்னும் எண்ணக்கருவை நேரடியாக நோக்கலாம். மாற்றம் நிகழ்ந்து ஆறு மாதங்களின் பின்னர் வினாக்கொத்து ஒன்று விநியோகிக்கப்படுகின்றது எனக் கொள்வோருக்கு, ஊழியரிற் பெரும்பாலோர் திருப்தி தெரிவிப்பின் மாற்றம் நியாயமானது என்பது நிரூபணமாகிவிட்டதாகத் தோன்றும். 1983இல் வெளியான நூலொன்றில் நோர்வேயைச் சேர்ந்த யோன் எல்ஸ்டர் இத்தகைய முடிவை ஐயத்திற்கு உட்படுத்தினார். எட்டாத திராட்சைப்பழம் புளிக்கும் என்ற நரியின் கதையை அவர் தம் ஆய்வின் குறியீடாகக் கொண்டார். கிடைக்க வழியில்லாதவற்றை விரும்பாதிருக்க மனிதர் தம்மையறியாமலே கற்றுக்கொள்கின்றனர். இவ்வாறு உருவாகும் விருப்பங்களைக் கொண்டு ஒரு நிலைமையை நியாயப்படுத்த முடியாது என்பது அவரது வாதம். நீண்டகால வறுமையும் ஒடுக்குமுறையும் மனிதரின் எதிர்பார்ப்புகளையே சுருக்கிவிடுகின்றன என அமர்த்தியா சென்னும் பொருளியலில் இதனை வலியுறுத்தியுள்ளார். மேசையிழந்த ஊழியரின் நிலையை வறியோரின் துயரோடு சமப்படுத்துவது மிகையாகும். எனினும் தர்க்கம் ஒன்றே: ஒருவர் பழகிக்கொண்டார் என்பது அவருக்கு இழைக்கப்பட்டது நியாயமே என்பதற்குச் சான்றாகாது.

ஆயின் இத்தர்க்கத்தை அளவுக்கு மீறி நீட்டுவதிலும் ஆபத்து உண்டு. பழகிய பின்னர் வரும் விருப்பங்கள் யாவும் போலியானவை எனின், மனிதர் எதனையுமே உண்மையாகக் கற்றுக்கொள்ள முடியாது போகும். நீந்தத் தெரியாதவர் நீரை வெறுக்கின்றார். கற்ற பின்னர் விரும்புகின்றார். அவ்விருப்பம் நரியின் தேறுதல் போன்றதன்று. தோமஸ் அலன், பீற்றர் கேர்ஸ்ற்பேகர் ஆகியோர் பொறியியற் பிரிவொன்றில் நிலையான மேசைகளை நீக்கி நடத்திய பரிசோதனையொன்றின் முடிவுகளை 1973இல் வெளியிட்டனர். அங்கு ஊழியரிடையே தொடர்பாடல் அதிகரித்தது. புதிய ஏற்பாடு விரும்பவும்பட்டது. மறுபுறத்தில், திறந்த காரியாலயத்திற்கு மாறிய இரு பெருநிறுவனங்களில் நேர்முக உரையாடல் ஏறத்தாழ 70 வீதத்தால் வீழ்ச்சியுற்றதென 2018இல் வெளியான ஹாவார்ட் ஆய்வாளரின் கட்டுரை காட்டியது. ஒரே வகையான மாற்றம் எங்கும் ஒரே பயனைத் தருவதில்லை. ஆகவே எதிர்ப்பு அனைத்தையும் நியாயமெனக் கொள்வதும், இணக்கம் அனைத்தையும் சான்றெனக் கொள்வதும் ஒருங்கே தவறானவையாகும்.

அவ்வாறாயின் கற்றலால் வரும் இசைவையும் வழியின்மையால் வரும் இசைவையும் பிரித்தறிவது எவ்வாறு? ஓர் உரைகல்லை முன்மொழியலாம். ‘இல்லை’ என்னும் விடைக்கு ஏதேனும் விளைவு உண்டா என்பதே அது. ஊழியர் பழகிப் பார்த்த பின்னர் இம்முறை தம் பணிக்கு உதவவில்லையெனக் கூறின், முறை மாற்றப்படுமா? அன்றி அவருக்கு மேலுமொரு கருத்தரங்கு ஏற்பாடு செய்யப்படுமா? முன்னதாயின், இசைவாக்கம் இருதரப்புக் கற்றலாகின்றது. ஊழியர் காரியாலயத்துக்கு இசைய, காரியாலயமும் ஊழியருக்கு இசைகின்றது. பின்னதாயின், ‘உதவி’ என்னும் சொல் தன் பொருளை இழந்துவிடுகின்றது. மறுக்கும் வாய்ப்பில்லாத ஒருவரது சம்மதம் சம்மதமாகாது.

முகாமையாளரும் தம் தனியறையைத் துறந்து ஏனையோருடன் அமர்ந்துவிட்டால் நீதி நிலைநாட்டப்பட்டுவிடும் எனச் சிலர் கருதுவர். அது வரவேற்கத்தக்கதே, ஆயினும் போதுமானதன்று. ஒரே விதி வெவ்வேறு நிலைகளில் உள்ளோர்மீது வெவ்வேறு பாரத்தைச் சுமத்துகின்றது. முகாமையாளர் எங்கு அமரினும் அவரைத் தேடிப் பிறர் வருவர். முந்திவருவோருக்கே நல்லிடம் என்னும் விதியோ, பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவரும் தாய்க்கும் தொலைவிலிருந்து பேருந்தில் வரும் ஊழியருக்கும் எஞ்சிய இடங்களையே அளிக்கின்றது. முதுகுவலியால் தனித்தன்மையான கதிரை தேவைப்படுபவரும், பார்வைக்குறைபாட்டால் கணினியை விசேடமாக அமைத்துக்கொள்பவரும் நாள்தோறும் தம் குறையைப் புதிதாக எடுத்துரைக்க நேர்கின்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான சீராக்கங்களைச் செய்துகொடுக்கும் கடமையைப் பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தொழில்கொள்வோர்மீது விதிப்பது, சமமான விதி மாத்திரம் சமத்துவமாகாது என்பதை உணர்ந்தமையாலேயே எனலாம்.

மேசைகள் பொதுவாகும்போது கண்காணிப்பும் எளிதாகின்றது. எந்த மேசை எவ்வளவு நேரம் பயன்படுகின்றது என அறிவதற்கென உணர்கருவிகள் பொருத்தப்படுகின்றன. 2016 சனவரியில் இலண்டனின் டெய்லி டெலிகிராப் பத்திரிகைக் காரியாலயத்தில் மேசைகளின் கீழ் இத்தகைய கருவிகள் பொருத்தப்பட்டிருப்பதை ஊழியர் கண்டனர். எதிர்ப்பு எழுந்ததும் அவை அகற்றப்பட்டன. வெறுமையான மேசைகளை எண்ணுவதே நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் முன்னறிவிப்பின்றி எண்ணப்படுவோர், தாமும் எண்ணப்படும் பொருள்களுள் ஒன்றெனவே உணர்வர்.

மாற்றுவழி இல்லாமலில்லை என்பதற்கு நெதர்லாந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. அப்பெல்டோர்ன் நகரில் சென்ட்றால் பெஹீர் காப்புறுதி நிறுவனத்திற்காகக் கட்டடக்கலைஞர் ஹேர்மன் ஹேர்ட்ஸ்பேர்கர் அமைத்த கட்டடம் 1972இல் நிறைவுற்றது. சிறு சிறு குழுக்கள் அமரத்தக்க தளங்களாக அது வகுக்கப்பட்டது. சுவர்கள் பூச்சின்றி வெறுங்கற்களாகவே விடப்பட்டன. குறையாகத் தோன்றிய இதுவே அவரது கருத்தாக இருந்தது. ஊழியர் தம் செடிகளையும் படங்களையும் பொருள்களையும் கொண்டுவந்து கட்டடத்தை நிறைவுசெய்ய வேண்டும் என அவர் விரும்பினார். அவர்களும் அவ்வாறே செய்தனர். அதே 1972இல் மேற்கு ஜேர்மனியில் இயற்றப்பட்ட தொழிலக அமைப்புச் சட்டம், பணியிடங்களைத் திட்டமிடும்போது ஊழியர் சபைக்கு உரிய காலத்தில் அறிவித்து அதனுடன் கலந்தாலோசிக்கும் கடமையைத் தொழில்கொள்வோர்மீது விதித்தது. முன்னது கலையின் வழி. பின்னது சட்டத்தின் வழி. தீர்மானத்தின் பின்னரன்றி, தீர்மானத்தின்போதே ஊழியர் இடம்பெற வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இவற்றின் ஒளியில், பகிர்மேசை முறையைத் தழுவும் நிறுவனமொன்று தன் ஊழியருக்கு உண்மையாக உதவுவது எவ்வாறு என்பதைச் சுருங்கக் கூறலாம். செலவைக் குறைப்பதே நோக்கமாயின் அதனை அவ்வாறே கூறுதல் வேண்டும். ஒத்துழைப்பு என்னும் பெயரால் மறைத்தலாகாது. சேமிப்பின் ஒரு பகுதியேனும் அமைதியான அறைகளாகவும் தரமான கதிரைகளாகவும் ஊழியரிடம் மீளவேண்டும். தனிமேசை இல்லாவிடினும் ஒவ்வொரு பிரிவினருக்கும் தமக்கென ஒரு பகுதி இருத்தல் நன்று. அங்கு எவரைத் தேடினும் காணமுடியும். உடல்நிலையாலோ பணியின் தன்மையாலோ நிலையான இடம் தேவைப்படுவோருக்கு, நாள்தோறும் கேட்கவேண்டிய நிலையின்றி அது வழங்கப்படல் வேண்டும். பரீட்சார்த்தக் காலம் ஒன்று குறிக்கப்பட்டு, அதன் முடிவில் பழைய முறைக்கு மீள்வதும் உண்மையான தெரிவாக இருத்தல் வேண்டும். இறுதியாகக் கூறப்பட்ட இதுவே செலவுமிக்கதும் அரிதாக வழங்கப்படுவதுமாகும். முன்னர் கூறிய உரைகல்லும் இதுவேயாகும்.

பொதுவான இடத்தைப் பகிர்தல் தாழ்வானதன்று. நூலகத்தின் வாசிப்பு மேசையில் எவரும் நிலையான உரிமை கோருவதில்லை. ஆயினும் அங்கு எவரும் அவமதிக்கப்பட்டதாக உணர்வதில்லை. நூலகத்தின் விதி அனைவருக்கும் தெரிந்த காரணத்தினால் விளைந்தது. அங்கு செல்லாதிருக்கவும் ஒருவருக்கு உரிமையுண்டு. காரியாலயத்தில் இவ்விரண்டும் இயல்பாக அமைவதில்லை. முயன்று அமைக்கப்பட வேண்டும். அவ்வாறு அமைக்கப்படின் பகிர்மேசையும் நூலகத்தின் மேசைபோல மதிப்புக்குரிய பொதுவிடமாகலாம்.

விரிவுரை மண்டபத்தில் தம் ஆசனத்தருகே தயங்கிநின்ற மாணவருக்கும் விடை இதிலேயே உள்ளது. அமர்ந்திருப்பவர் ‘இது உங்கள் இடமா?’ எனக் கேட்பாராயின், பெரும்பாலும் வந்தவர் ‘இல்லை, இருங்கள்’ எனக் கூறிவிட்டு வேறோர் ஆசனத்தை நாடுவார். அவர் இடத்தை இழந்தார். ஆனால் மனக்குறையின்றி இழந்தார். அவர் கேட்கப்பட்டார் என்பதே காரணம். ஊழியரை இசைவாக்க முனைவோர் தம் திட்டங்களின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதும் அவ்வினாவையே.